இன்னும் நாட்டுக்குள் வராத சித்தப்பா

சலவைக்கூடத்தில் அவரை எல்லோரும் சித்தப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். அதை ஆரம்பித்து வைத்தவன் அவருடைய அண்ணன் மகன். எட்டு வருஷத்துக்கு முன்னால் அங்கே வண்டி ஓட்டும் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், அழுக்குத் துணி மூட்டைகளை இறக்கிவிட்டு, இயந்திர இரைச்சலுக்கு மேலே குரலை எழுப்பி, "சித்தப்பா, சித்தப்பா" என்று கூடம் முழுக்கத் தேடிக்கொண்டு வந்தான். ஏழெட்டு நாட்டுக்காரர்கள் வேலை செய்கிற இடம். அதுதான் மனிதருடைய பெயர் போலிருக்கிறது என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒரு மாதத்துக்குள் மேலாளரே "மிஸ்டர் சித்தப்பா" என்று அழைக்க ஆரம்பித்துவிட்டார். துணி மாற்றும் அறையில் அவருடைய அலமாரிக் கதவிலும் அந்தப் பெயரே ஏறிவிட்டது. திருத்தப் போனால் நாலு பேருக்கு விளக்கம் சொல்ல வேண்டுமே என்று அவரும் விட்டுவிட்டார். பெயர் விஷயத்தில் அவர் அவ்வளவு பிடிவாதக்காரர் இல்லை. பின்னால் நடந்ததற்கெல்லாம் அந்தக் குணமும் ஒரு காரணம்.

அவர் அந்த நாட்டுக்கு வந்து பத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது. அத்தனை வருஷமும் ஒரே இயந்திரத்தின் முன்னால்தான் நின்றார். ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வருகிற படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடுகிற உருளை இயந்திரம் அது. இந்தப் பக்கம் இரண்டு பேர் ஆளுக்கொரு மூலையைப் பிடித்து உருளைக்குள் விடுவார்கள். அந்தப் பக்கம் அது அப்பளம் மாதிரி விறைப்பாக வந்து விழும். நாலாவது மாடியில் இரண்டு அறை கொண்ட வீடு. மனைவி அருகிலிருந்த பள்ளிக்கூட நூலகத்தில் கிழிந்த புத்தகங்களை ஒட்டிக் கொடுக்கும் அரை நாள் வேலைக்குப் போய் வந்தாள். அண்ணன் மகன் அவளைச் சித்தி என்பான்; நாமும் அப்படியே சொல்லிக்கொள்வோம். ஒரே மகளை ஊரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவளுக்கு அப்போது ஏழாவது மாதம். பிரசவத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று இருவரும் விடுமுறை சொல்லி வைத்திருந்தார்கள்.

பயணச்சீட்டு எடுக்கப் போன இடத்தில்தான், சித்தப்பாவின் பாஸ்போர்ட்டுக்கு இன்னும் ஐந்து மாத ஆயுள்தான் பாக்கி என்று கண்டுபிடித்தார்கள். ஆறு மாதம் இல்லாமல் விமானத்தில் ஏற்ற மாட்டார்களாம். சரி, புதுப்பித்துக்கொள்வோம் என்று தூதரகத்துக்குப் போனார். அங்கே விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்த குமாஸ்தா, குடும்பப் பெயர் என்கிற கட்டம் காலியாக இருப்பதைப் பேனாவால் தட்டிக் காட்டினார். எங்களுக்குக் குடும்பப் பெயரெல்லாம் கிடையாது, இனிஷியல்தான் என்று சித்தப்பா சொன்னார். பழைய பாஸ்போர்ட்டில் ஒற்றை எழுத்தும் அதன் பின்னால் அவர் பெயரும் மட்டும்தான் இருந்தன. இப்போது காலியாக விட்டால் இயந்திரம் வாங்காது, இனிஷியலை விரித்து அந்தக் கட்டத்தில் எழுதுங்கள் என்றார் குமாஸ்தா. சித்தப்பா அப்பாவின் பெயரை எழுதினார். மூன்று வாரத்தில் புதிய பாஸ்போர்ட் வந்தது. அப்பா பெயர் முன்னால், பெரிதாக. அவர் பெயர் கீழே, கொஞ்சம் அடக்கமாக. குமாஸ்தா பழையதை வாங்கி 'ரத்து' என்று முத்திரை குத்தி, கத்தரிக்கோலால் அட்டையின் மூலையை வெட்டித் திருப்பித் தந்தார்.

"விசா பழசுலதானே இருக்கு. விசா ஆபீசுல ரெண்டையும் காட்டுனா புதுசுக்கு மாத்திக் குடுத்துடுவாங்க. பத்து நிமிஷ வேலை," என்று சொல்லி அனுப்பினார்.

அப்பாவின் பெயரைப் புதிய அட்டைக்குள் பார்த்தபோது சித்தப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இறந்து போன மனிதர். வாழ்நாளில் பாஸ்போர்ட் எடுக்காதவர். வானத்தில் விமானச் சத்தம் கேட்டாலே வீட்டுக்குள் போய்விடுகிறவர்.

விசா அலுவலகத்தில் நாற்காலிகள் தரையோடு திருகப்பட்டிருந்தன. டோக்கன் எண்ணோடு பெயரையும் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். அப்பாவின் பெயர் கூடம் முழுக்கக் கேட்டதும் சித்தப்பா அனிச்சையாக வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். இரண்டாவது தடவை வாசித்த பிறகுதான் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று உறைத்தது.

ஆறாம் கவுண்டரில் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை போட்ட ஓர் அதிகாரி அம்மாள் உட்கார்ந்திருந்தாள். மரியாதையானவள். பழைய பாஸ்போர்ட்டைப் பார்த்தாள், புதியதைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். அவள் அந்த ஊர் மொழியில் சொன்னதை நம் பேச்சில் சொன்னால் இப்படி இருக்கும்:

"இந்தப் பாஸ்போர்ட்காரர் இன்னும் நம்ம நாட்டுக்குள்ள வரவே இல்லையே."

"நான் வந்து பத்தொன்பது வருஷம் ஆச்சும்மா."

"அது இவர்." பழையதை விரலால் தொட்டாள். "நான் உங்களைப் பத்திக் கேக்கறேன்."

"ரெண்டும் நான்தாம்மா."

"இருக்கலாம். நான் இல்லைன்னு சொல்லல. கம்ப்யூட்டர் ஒத்துக்கணுமே."

புதிய பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் பழையதன் எண்ணை அச்சடித்திருப்பதைச் சித்தப்பா காட்டினார். அவள் அதை அக்கறையாகப் படித்தாள். புதியவரிடம் இன்னொருவருடைய பழைய பாஸ்போர்ட் இருக்கிறது என்பதைத்தான் இது காட்டுகிறது, அது எப்படி இவர் கைக்கு வந்தது என்று எழுதித் தர வேண்டும் என்று ஒரு படிவத்தை நீட்டினாள். புதியவருக்கு விசா ஒட்ட வேண்டுமென்றால் அவர் நாட்டுக்குள் வந்த முத்திரை வேண்டும். முத்திரைக்காக எல்லை வரைக்கும் போய்விட்டு வரலாமா என்று சித்தப்பா கேட்டார். உள்ளே வராதவர் எப்படி வெளியே போக முடியும் என்று அவள் நியாயமாகத் திருப்பிக் கேட்டாள். பழையதைக் காட்டிப் போகிறேன் என்றார். அது ரத்தான பாஸ்போர்ட், அதில் போக முடியாது என்றாள். அவளுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும், ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள்.

படிவத்தில் ஒரு கேள்வி: பழைய பாஸ்போர்ட்டுக்கு உரியவர் இப்போது எங்கே? கீழே மூன்று கட்டங்கள். நாட்டை விட்டுப் போய்விட்டார். இறந்துவிட்டார். நாட்டுக்குள் இருக்கிறார். சித்தப்பா மூன்றாவது கட்டத்தில் குறி போட்டு, தன் வீட்டு முகவரியையும் கதவு எண்ணோடு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

அண்ணன் மகன் இதைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். "போயிட்டார்னு போட்டிருக்கலாமே சித்தப்பா."

"போகலையேடா. பொய் எழுதச் சொல்றியா?"

இரண்டு வாரம் கழித்து ஒரு கடிதம் வந்தது. உங்கள் முகவரியில் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் இல்லாத ஒருவர் தங்கியிருப்பதை நீங்களாகவே முன்வந்து தெரிவித்திருக்கிறீர்கள், உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி, எங்கள் ஆய்வாளர்கள் நேரில் வருவார்கள் என்று எழுதியிருந்தது. தன்னைத் தானே காட்டிக் கொடுத்ததற்கு நன்றிக் கடிதம் வாங்கியவர் அந்தக் கட்டடத்திலேயே சித்தப்பா ஒருவர்தான் என்று சித்தி சொன்னாள். சொல்லிவிட்டு வீட்டைப் பெருக்கித் துடைத்து வைத்தாள்.

சனிக்கிழமை காலையில் ஆய்வாளர்கள் வந்தார்கள். நெட்டையாக ஓர் ஆள், அவன் தோள் உயரத்துக்கு ஒரு பெண். செருப்பைக் கழற்றச் சொல்வதற்கு முன்பே கழற்றினார்கள். நெட்டை ஆள் அப்பாவின் பெயரைச் சொல்லி அது யார் என்று கேட்டான். நான்தான் என்றார் சித்தப்பா. இன்னொருவர் எங்கே என்றான். அதுவும் நான்தான் என்றார். அவன் குறித்துக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். அந்தப் பெண் குளியலறைக்குப் போய்ப் பல் துலக்கும் பிரஷ்களை எண்ணினாள். மூன்று இருந்தன.

மூன்றாவது அண்ணன் மகனுடையது. வெள்ளிக்கிழமை வேலை முடிந்தால் அவன் இங்கே வந்துதான் தூங்குவான். அன்றைக்கும் உள் அறையில் தூங்கிக்கொண்டிருந்தான். பேச்சுச் சத்தம் கேட்டு, இடுப்பில் துண்டோடு, கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்து நின்றான்.

நெட்டை ஆளின் முகம் மலர்ந்துவிட்டது. அவன் பழைய பாஸ்போர்ட்டை வாங்கிப் புகைப்படத்தைப் பார்த்தான். பத்து வருஷத்துக்கு முன்னால் எடுத்த படம். அதில் இருந்த சித்தப்பாவுக்கு அடர்த்தியான மீசை, கருகருவென்று முடி, ஒரு சுற்றுப் பெருத்த கன்னம். இப்போது சித்தப்பாவுக்கு மீசையும் இல்லை, முன் தலையில் முடியும் இல்லை. அண்ணன் மகனுக்கோ எல்லாம் இருந்தது. வம்சத்து மூக்கும் இருந்தது. யாரிடம் கேட்டாலும் படத்தில் இருப்பது அவன்தான் என்று சொல்லியிருப்பார்கள். உண்மையைச் சொன்னால், ஒரு நொடி சித்திக்கே அப்படித் தோன்றியது.

இத்தனை நாளாக எங்கே ஒளிந்திருந்தாய் என்று நெட்டை ஆள் அவனைக் கேட்டான். தூங்கிக்கொண்டிருந்தேன் என்றான் அவன். அவன் சட்டை போட்டுக்கொண்டு, தன்னுடைய பாஸ்போர்ட்டையும் ஓட்டுநர் உரிமத்தையும் வேலைச் சீட்டையும் கொண்டு வந்து காட்டி, தான் வேறு ஆள் என்று ஒப்புக்கொள்ள வைப்பதற்குள் ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. அப்புறம் நெட்டை ஆள் கவலையோடு கணக்குப் போட்டான்: அப்படியானால் இந்த வீட்டில் மூன்று ஆண்கள்.

சித்தியிடம் அந்தப் பெண், எத்தனை ஆண்களுக்குச் சமைக்கிறீர்கள் என்று ஓரமாக அழைத்துக் கேட்டாள். "ஒருத்தருக்குச் சமைச்சா இந்தப் பய வந்து பாதியைத் தின்னுட்டுப் போறான். இதுல மூணாவது ஆள் வேறயா?" என்று சித்தி சொன்னாள். அண்ணன் மகன் அதை மொழிபெயர்க்கும்போது தன் பங்கை விட்டுவிட்டுச் சொன்னான். போகும்போது அறிக்கையில் என்ன எழுதினார்கள் என்பதைச் சித்தப்பா தலைகீழாகவே படித்துவிட்டார். நிலைமை சிக்கலானது என்று ஒரே வரி.

அதன் பிறகு விஷயம் சலவைக்கூடத்துக்கும் போய்ச் சேர்ந்தது. பழைய பாஸ்போர்ட் ரத்தாகிவிட்டதால் அதன் பேரில் உள்ள ஊழியரை வேலையில் வைத்திருக்கக் கூடாது, புதிய பாஸ்போர்ட்காரரைத் தற்காலிக அனுமதியில் புதிதாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று அவர்களுக்குக் கடிதம். ஹெச்.ஆர். அம்மாள் சித்தப்பாவை அழைத்து உட்கார வைத்தாள். கவலைப்படாதீர்கள், ஒரு நாள்கூட வேலை போகாது, வெள்ளிக்கிழமை சாயந்திரம் உங்களை விடுவித்து, திங்கட்கிழமை காலையில் உங்களையே எடுத்துக்கொள்கிறோம் என்றாள். ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறதே. பதினைந்து வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டுப் போகிறவருக்கு வழியனுப்பு விழா நடத்தியே ஆக வேண்டும்; நடத்தாவிட்டால் கோப்பை மூட முடியாது.

சித்தப்பா இதை ஒரு வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு இயந்திரங்களை நிறுத்தினார்கள். அந்தக் கூடம் அவ்வளவு அமைதியாக இருந்து அவர் பார்த்ததில்லை. தலையணை உறைகள் மடிக்கிற மேசையில் கேக் வைத்திருந்தார்கள். மேலே கிரீமில் "சித்தப்பாவுக்கு நன்றி". மேலாளர் ஒரு மரக் கேடயத்தைக் கொடுத்து, கையில் இருந்த தாளைப் பார்த்து இரண்டு நிமிஷம் பேசினார். பிறகு யாராவது பேசுகிறீர்களா என்று கேட்டார்.

இயந்திரத்தில் எதிர் மூலையைப் பிடிக்கிறவள் முன்னால் வந்தாள். பதினொரு வருஷமாக விரிப்பின் ஒரு முனை அவர் கையிலும் மறுமுனை அவள் கையிலும்தான். அவர் மொழி அவளுக்குத் தெரியாது, அவள் மொழி அவருக்குத் தெரியாது. இருவருக்கும் அந்த ஊர் மொழி அரைகுறை. நாள் முழுக்கத் தலையசைப்பிலேயே வேலை ஓடிவிடும். அவள் ஒரு தாளும் இல்லாமல் சொன்னாள்:

"பதினோரு வருஷம் இவர் அந்தப் பக்கம் புடிச்சார். நான் இந்தப் பக்கம். அவர் இழுத்தா என் கை உருளைக்குள்ள போயிருக்கும். ஒரு நாள்கூட இழுக்கல."

அவ்வளவுதான் பேச்சு. அவள் போய்த் தன் இடத்தில் நின்றுகொண்டாள். சித்தப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. திங்கட்கிழமை திரும்பி வரப் போகிற மனிதர், கேடயத்தை மார்போடு அணைத்துக்கொண்டு விசும்பி அழுதார். அவர் அழுவதைப் பார்த்து உலர்த்தும் பிரிவுக்காரர்கள் இரண்டு பேர் அழுதார்கள். நிஜமாகவே அவர் போகிறார் போலிருக்கிறது என்று புதிதாகச் சேர்ந்த ஒருவர் வந்து கட்டிப் பிடித்து, நல்லா இருங்க என்று வாழ்த்திவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குச் சித்தப்பா புதிய ஊழியராக வந்து சேர்ந்தார். புதியவர்களுக்குக் கொடுக்கிற கீழ் வரிசை அலமாரி; குனிந்துதான் திறக்க வேண்டும். எதிர் மூலைக்காரி முகத்தில் சிரிப்பே இல்லாமல் கை நீட்டித் தன் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொண்டாள். பதினொரு வருஷத்தில் அவளுடைய முழுப் பெயரை அன்றுதான் அவர் கேட்டார்.

உருளை இயந்திரத்தைத் தொடுவதற்கு முன் மூன்று நாள் பயிற்சி கட்டாயம். பயிற்சி கொடுக்கிறவர் யார் என்று பார்த்தால், அங்கே அதற்குச் சான்றிதழ் உள்ளவர் சித்தப்பா ஒருவர்தான். பழைய சித்தப்பா. அவருடைய சான்றிதழ் இன்னும் இரண்டு வருஷத்துக்குச் செல்லும் என்று ஹெச்.ஆர். அம்மாள் தேடிப் பிடித்தாள். ஆகவே மூன்று நாளும் சித்தப்பா பயிற்சி அறையில் தனியாக உட்கார்ந்து, பயிற்சி கொடுத்தவர் என்ற இடத்தில் பழைய கையெழுத்தும், பெற்றவர் என்ற இடத்தில் புதிய கையெழுத்தும் போட்டார். அறையில் உட்கார்ந்து வெறுமனே பொழுதைப் போக்க அவருக்கு மனசு வரவில்லை. பயிற்சிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து சத்தம் போட்டுப் படித்தார். கடைசியில் பத்துக் கேள்விகளுக்கு ஒரு தேர்வு. உருளையின் சூடு எவ்வளவு இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு, தான் தினமும் வைக்கிற அளவை எழுதினார். விடைத்தாளைத் திருத்தும்போது பார்த்தால் புத்தகத்தில் வேறு அளவு போட்டிருந்தது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தப்பு என்று சிவப்பு மையில் குறித்துத் தனக்கு ஒன்பது மதிப்பெண் போட்டுக்கொண்டார்.

அந்த வாரத்தில்தான் சித்திக்குத் தனியாக ஒரு கடிதம் வந்தது. அவளுடைய விசா, கணவரைச் சார்ந்திருப்பவர் என்கிற வகை. நீங்கள் சார்ந்திருக்கும் நபருக்குத் தற்போது செல்லுபடியாகும் ஆவணம் இல்லை, ஆகவே தற்போது யாரைச் சார்ந்திருக்கிறீர்கள் என்பதைப் பதினாலு நாளுக்குள் தெரிவிக்கவும் என்று இருந்தது. அதற்குள் மகளுக்கு எட்டாவது மாதம் முடிந்திருந்தது. சித்தி மட்டும் கிளம்பி வந்தால் திரும்ப முடியாமல் போய்விடும் என்று தெரிந்ததும், நீங்கள் ரெண்டு பேரும் சேர்ந்தே வாருங்கள், மாமியார் பார்த்துக்கொள்கிறார் என்று மகள் தொலைபேசியில் சொன்னாள். தைரியமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டுச் சட்டென்று வைத்துவிட்டாள். மறுநாள் சித்தி நூலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, "கிளம்புங்க. நானும் வர்றேன் அந்த ஆபீசுக்கு," என்றாள்.

ஆறாம் கவுண்டரில் அதே கம்பளிச் சட்டை அம்மாள். சித்தி திருமணப் பதிவுச் சான்றிதழைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினாள். அதில் பழைய பெயர் இருந்தது. இவர் பழையவரின் மனைவி என்பது தெளிவாக இருக்கிறது, புதியவரோடு எப்போது திருமணம் ஆயிற்று என்று அந்த அம்மாள் கேட்டாள். கேலிக்காகக் கேட்கவில்லை. கேட்டுவிட்டுத் தட்டச்சு செய்யக் காத்திருந்தாள்.

சித்தி கண்ணாடியில் இருந்த துளைக்கு அருகே முகத்தைக் கொண்டு போனாள். அண்ணன் மகன் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தான்.

"இருபத்தேழு வருஷமா இவரோட குடும்பம் நடத்தறேம்மா. பேரை முன்னாடி பின்னாடி மாத்திப் போட்டா ஆளே மாறிடுவாரா? மாறுவார்னு தெரிஞ்சிருந்தா நான் எப்பவோ மாத்திப் போட்டிருப்பேனே."

மொழிபெயர்ப்பு முடிய நாலு விநாடி ஆயிற்று. அப்புறம் அந்த அம்மாள் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, நாற்காலியோடு பின்னால் நகர்ந்து சிரித்தாள். பக்கத்து கவுண்டர்காரியிடம் சொல்ல, அவளும் சிரித்தாள். சிரிப்புச் சத்தம் கேட்டு உள் அறையிலிருந்து மேலதிகாரி என்ன விஷயம் என்று வந்தார். வந்தவர் இரண்டு பாஸ்போர்ட்டையும் கையில் வாங்கிக்கொண்டார். இரண்டு மாதத்தில் அவற்றைக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒருவர் நின்று நிதானமாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் பழையவரின் கைரேகையை எடுத்திருக்கிறோம், புதியவரின் கைரேகை அதோடு ஒத்துப் போனால் கம்ப்யூட்டர் இருவரையும் ஒன்றாக்கிவிடும் என்றார்.

இது முதலிலேயே தெரிந்திருந்தால் என்று அண்ணன் மகன் பல்லைக் கடித்தான். சித்தப்பா சந்தோஷமாகப் போய் வலது கையைக் கண்ணாடிப் பலகை மேல் வைத்தார். திரையில் 'கையை வைக்கவும்' என்று வந்தது. வைத்துத்தானே இருக்கிறேன் என்று அழுத்தினார். 'கையை வைக்கவும்' என்று மறுபடியும் வந்தது. இடது கைக்கும் அதே பதில். பத்தொன்பது வருஷம் சுடச்சுடத் துணியைத் தொட்டுத் தொட்டு விரல் நுனிகள் கண்ணாடி மாதிரி வழவழவென்று ஆகியிருந்தன. ரேகை என்று சொல்ல அங்கே ஒன்றும் மிச்சமில்லை. நாட்டுக்குள் வராதவர் என்றார்கள், இப்போது கையே இல்லாதவர் என்கிறார்கள் என்று சித்தப்பா முணுமுணுத்தார்.

சூட்டிலிருந்து விலகியிருந்து, களிம்பு தடவிக்கொண்டு வந்தால் ரேகை மறுபடி எழும்பலாம், இரண்டு வாரம் கழித்து வாருங்கள் என்றார் மேலதிகாரி. புதிய ஊழியருக்கு விடுப்புக் கிடையாது. ஆகவே மேலாளர் சித்தப்பாவை வாசலில் நிற்க வைத்து, கையுறை மாட்டி, உள்ளே வருகிற மூட்டைகளை எண்ணுகிற வேலை கொடுத்தார். சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் சித்தி பத்து விரலுக்கும் களிம்பு தடவி, இரண்டு கையிலும் சாக்ஸ் மாட்டிவிடுவாள். பிறகு அவரால் கதவைத் திறக்க முடியாது, போனைத் தொட முடியாது, சட்டைப் பித்தானைக் கழற்ற முடியாது. சித்திதான் ஊட்டிவிட்டாள். மகள் வீடியோவில் அப்பாவைக் காட்டு என்றால், கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு பேசுவார். ஒரு நாள் மறந்து போய்க் கையை ஆட்டிவிட்டார். என்னப்பா அது, கையில் என்ன என்று அவள் கேட்க, குளிர் என்று சொல்லிச் சமாளித்தார்.

இரண்டு வாரம் முடிந்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை முதல் டோக்கன் வாங்கிக்கொண்டு போனார்கள். வாசலில் காவலாளி எல்லோருடைய போன்களையும் வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டார். கம்பளிச் சட்டை அம்மாள் கவுண்டரை விட்டு வெளியே வந்து சித்தப்பாவின் பக்கத்திலேயே நின்றாள். வலது கட்டை விரல்: இல்லை. ஆள்காட்டி: இல்லை. நடு விரல், மோதிர விரல், சுண்டு விரல்: இல்லை, இல்லை, இல்லை. இடது கையிலும் நாலு விரல் அப்படியே போயின. கடைசியாக இடது சுண்டு விரலை வைத்தார். இயந்திரம் சின்னதாக ஒரு சத்தம் போட்டது. திரையில் சுழி சுழியாக ஒரு ரேகை வந்து நின்றது. விரிப்பை உருளைக்குள் விடும்போது அவர் அந்த ஒரு விரலை மட்டும் தூக்கிப் பிடித்தபடியேதான் விடுவாராம். அப்படி ஒரு பழக்கம் தனக்கு இருப்பதே அவருக்குத் தெரியாது. பின்னால் எதிர் மூலைக்காரி சொல்லித்தான் தெரிந்தது.

'ஒருவரே' என்றது கம்ப்யூட்டர்.

அந்த அம்மாள் தன் கையாலேயே புதிய பாஸ்போர்ட்டில் ஸ்டிக்கரை ஒட்டி, குமிழ் விழாமல் உள்ளங்கையால் நீவிவிட்டாள். சித்தியின் விசாவையும் அதோடு சேர்த்துச் சரிசெய்தாள். பிறகு, எங்கள் நாட்டுக்கு நல்வரவு என்று மனசார வாழ்த்தினாள். சித்தப்பா ஸ்டிக்கரைப் படித்தார். முதன்முதலாக நாட்டுக்குள் வந்த தேதி என்ற இடத்தில் அன்றைய தேதி இருந்தது.

"அப்ப அந்தப் பத்தொன்பது வருஷம்?" என்று கேட்டார்.

அவளும் அதைக் கவனிக்கவில்லை போலிருக்கிறது. மேலதிகாரியிடம் கேட்டுவிட்டு வந்தாள். பழைய வருஷங்கள் பத்திரமாக வேறு ஒரு கோப்பில் இருக்கின்றன, எங்கேயும் போய்விடவில்லை, இரண்டையும் சேர்க்கத் தனியாக ஒரு விண்ணப்பம் உண்டு, எட்டுப் பக்கம்தான் என்றாள். சித்தப்பா அந்தப் படிவத்தை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சித்தி அவர் முழங்கையைப் பிடித்து, "ஊருக்குப் போய்ட்டு வந்து பாத்துக்கலாம், வாங்க," என்று நகர்த்தினாள்.

வெளியே வந்து போனை வாங்கிப் பார்த்தால், மருமகனிடமிருந்து பதினேழு அழைப்புகள் தவறியிருந்தன. பன்னிரண்டு நாள் முன்னதாகவே வலி கண்டு, இந்த ஊர் நேரப்படி ஒன்பது நாற்பதுக்குப் பெண் குழந்தை. சித்தப்பா கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒன்பது நாற்பதுக்கு அவர் எந்த விரலை வைத்திருந்தார் என்று அவருக்கே நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. சித்தி காவலாளியின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். காவலாளி என்ன விஷயம் என்று அண்ணன் மகனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, எல்லோருக்கும் கை கொடுத்தார்.

பழைய சித்தப்பா சொல்லி வைத்திருந்த விடுமுறையையே மேலாளர் கொடுத்துவிட, நாலு நாளில் கிளம்பினார்கள். விமான நிலையத்தில் சித்தப்பா இரண்டு பாஸ்போர்ட், கேடயம், பயிற்சிச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுத் தயாராக வைத்திருந்தார். அங்கே இருந்த இளைஞன் புதிய பாஸ்போர்ட்டை மட்டும் வாங்கி, ஒரு கொட்டாவி விட்டபடி முத்திரை குத்திக் கொடுத்தான். வேறு எதையும் பார்க்கவில்லை. சித்தப்பாவுக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

மகள் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது மத்தியானம் ஆகிவிட்டது. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மகள் எழுந்து உட்கார்ந்து, அந்த ஆபீசில் அப்படி என்னதான்ப்பா நடந்தது, முதலிலிருந்து சொல்லுங்கள் என்றாள். சித்தப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தூதரகத்துக் குமாஸ்தாவில் ஆரம்பித்தார். ஆய்வாளர்கள் பிரஷ்ஷை எண்ணுகிற இடம் வந்தபோது நிமிர்ந்து பார்த்தால், அவள் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டிருந்தாள். அவர் கதையை நிறுத்திவிட்டு, அவள் தலைக்குப் பின்னால் ஒரு தலையணையை மெதுவாகச் செருகினார்.

"நீங்களும் கொஞ்சம் படுங்க," என்றாள் சித்தி. குழந்தைக்குப் பக்கத்தில் ஒரு பாயை விரித்துப் போட்டாள். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, குழந்தை இருக்கும் பக்கமாகத் திரும்பிப் படுத்தார்.